மகள் பக்கம் பாக்கி

மார்ச் 4

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

சீனியர் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால், "நலமா இருந்தா நான் ஏன் இங்க படுத்திருக்கேன்" என்பாய். அதில் உன் பிரஷர் ஏறும். அந்தப் பழியும் என் தலையில் விழும்.

உன் அக்கா உன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. கடைசியாக நான் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பேசியபோது நீ கத்திய கத்தலில், பக்கத்தில் அந்த பிரஷர் பார்க்கும் கருவி கீக் கீக் என்று அலறியது இந்தப் பக்கம் வரை கேட்டது. "இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் அவகிட்ட குடுப்பேன்" என்று டீச்சர் குரலில் உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே இதை முதலில் படிக்கும் அக்காவுக்கு என் வணக்கம். எடுத்த காட்சிகளை எடிட்டரிடம் கொண்டுபோகும் வண்டி உங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. அதில் கொடுத்துவிடுகிறேன், பதிலையும் அதிலேயே அனுப்பு.

படப்பிடிப்பு மறுபடி தொடங்கிவிட்டது. வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. சாப்பாட்டு மேஜை, இரண்டு நாற்காலி, பக்கவாட்டில் தெருவைப் பார்த்த ஜன்னல். தரையில் நீ ஒட்டிய பச்சை டேப்கூட உரியவில்லை. உன் பிள்ளைகள் (கேமரா உதவியாளர்களைச் சொல்கிறேன், நம் பிள்ளை இன்னும் உன் வயிற்றில்தான் இருக்கிறது) வாய் நிறைய என்னை சார் என்கிறார்கள். ஆனால் எதைத் தொட்டாலும், "மேடம் இப்படி வைக்கமாட்டாங்க சார்."

நேற்று நீ எடுத்ததை எல்லாம் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் குளோஸ்-அப் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத மகள் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வாயே திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் தாடைக்கு அடியிலிருந்து மெல்ல ஏறி, கண்ணில் போய் நிற்கிறது. தொழில்காரனாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த ஷாட் முடிந்த கையோடுதான் நீ தலை சுற்றிச் சாய்ந்தாய். அதனால் மகள் பக்கம் பாக்கி. எதிர்ப்பக்கத்திலிருந்து மகள் முகத்தை நான் எடுக்க வேண்டும். ஒரே மேஜை, ஒரே ஜன்னல். இரண்டு முகத்திலும் ஒரே வெளிச்சம் விழுந்தாக வேண்டும். எப்படிச் செய்தாய் என்று சொல்லிவிட்டுக் கோபப்படு.

உன்
சீனியர்


மார்ச் 7

மதிப்பிற்குரிய மாற்று ஒளிப்பதிவாளர் அவர்களுக்கு,

பொறாமையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் மருந்து மயக்கத்தில் கிடக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தயாரிப்பாளர் உங்களிடம், "மீதியை நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்களேன் சார்" என்கிறார். நீங்களும் சரி என்கிறீர்கள். நான் கண் விழிக்கும்வரை பொறுக்க முடியவில்லையா? என் படம் சீனியர் அது. கேமராவையாவது என்னைக் கேட்டுவிட்டுக் கையில் எடுத்திருக்கலாம்.

ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியாதா? என் முதல் படம் வந்தபோதே, "எல்லாம் வீட்டுக்காரர் பண்ணிக் குடுக்கிறது" என்றார்கள். அந்தப் படத்தின் விழாவில் பட்டுச்சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் என்னைத் தாண்டிக்கொண்டு வந்து உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, "லைட்டிங் பிரமாதம் சார்" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? தேங்க்ஸ். பக்கத்தில் நான் மரம் மாதிரி நிற்கிறேன், நீங்கள் தேங்க்ஸ் என்கிறீர்கள். வாய் தவறி வந்துவிட்டது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டீர்கள். வாய் தவறும்போது எல்லாருக்கும் அவரவருக்குச் சாதகமாகத்தான் தவறும் போல.

இப்போது பாதிப் படம் நிஜமாகவே உங்கள் கையில். இனி நான் என்ன சொன்னாலும் எவன் நம்புவான்? எனக்கு இரண்டாவது படம் கிடைத்ததே பெரும் பாடு. மூன்றாவதை மறந்துவிட வேண்டியதுதான்.

சரி, கேட்டதற்குப் பதில். ஜன்னலுக்கு வெளியே பெரிய விளக்கு, ஆள் உயரத்துக்கு மேலே. முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி. மேஜைக்கு இந்தப் பக்கம் தாழ்வாக, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல். அவ்வளவுதான். ஜன்னலை அப்படியே வைத்துக்கொண்டு, கேமராவை மட்டும் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். உங்கள் கைவரிசை எதையும் காட்டாமல் இருந்தால் போதும்.

அக்கா படித்துவிட்டு, "எழுத்தே நல்லால்ல, கோவத்துல கோணலா இருக்கு" என்கிறாள்.

நான்


மார்ச் 12

பூதக்கண்ணாடி,

நீ சொன்னபடி, சொன்ன உயரத்தில், சொன்ன துணியோடு வைத்தேன். ஒட்டவில்லை.

மானிட்டரில் உன் அம்மாவை ஒரு பக்கமும், என் மகளை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். உன் அம்மா காலையில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். என் மகள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். துணியை மாற்றினேன். தெர்மாகோலை இறக்கினேன், ஏற்றினேன், தரையில் படுக்கவைத்தேன். லைட்மேன் நாக்கு தள்ளிப்போய், "சார், மேல கீழ பார்த்தாச்சு, இனி குழி வெட்டித்தான் வைக்கணும்" என்கிறார். மகளாக நடிக்கும் பெண் நல்ல பெண்தான். ஆனால் அவளும் எத்தனை தடவைதான் அழுவாள்? கடைசியில் அவளுக்கு அழுகை வரவில்லை, கொட்டாவி வந்தது.

இயக்குநர் மானிட்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார். அவர் பேசாமல் டீ குடிக்கப் போனால் என்ன அர்த்தம் என்பது உனக்குத் தெரியும்.

இதை உன்னிடம் மறைக்க எனக்கு மனது வரவில்லை, அதனால் சொல்கிறேன். தயாரிப்பாளர் கெடு வைத்துவிட்டார். வீட்டுக்காரருக்கு மாதக் கடைசியில் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் மகள் பக்கம் ஒட்டாவிட்டால், அம்மா பக்கத்தையும் என் வெளிச்சத்திலேயே மறுபடி எடுத்துவிடலாம் என்கிறார். அதாவது உன் ஷாட்டைத் தூக்கிவிடுவார்கள். அம்மாவாக நடித்தவரிடம் கேட்டதற்கு, "எடுக்கச் சொன்னா எடுக்கிறேன். ஆனா அன்னைக்கு வந்தது இன்னொரு தடவை வரும்னு நான் எழுதித் தரமாட்டேன்" என்றார்.

எதையோ சொல்ல மறந்திருக்கிறாய். படுத்துக்கொண்டே நிதானமாக யோசித்துப் பார். பிரஷர் ஏறாமல் யோசி.

சீனியர்


மார்ச் 15

சீனியர்,

நான் எதையும் மறக்கவில்லை. நான் சொன்னபடி வைத்துவிட்டு அதற்கு மேல் உங்கள் பங்குக்கு எதையாவது சேர்த்திருப்பீர்கள். அது உங்கள் கைப்பழக்கம். சாம்பாரில் உப்பு பார்க்கச் சொன்னால்கூட ஒரு சிட்டிகை போட்டுவிட்டுத்தான் கரண்டியைக் கீழே வைப்பீர்கள்.

அது கிடக்கட்டும். நேற்று இயக்குநர் என் உடம்பை விசாரிக்க அக்காவுக்கு போன் போட்டாராம். பேச்சோடு பேச்சாக, "உங்க மாப்பிள்ளை தங்கமான மனுஷங்க. டைட்டில்ல பேரே வேண்டாம்னுட்டார்" என்றாராம். அக்கா அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே பிரஷர் பட்டையைக் கையில் சுற்றி அமுக்கிப் பார்த்தாள். பார்த்த பிறகு, சொன்னதற்காக அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு தானம் போடுகிறீர்களா? உங்கள் பெயர் இல்லாவிட்டால் மட்டும் யூனிட்டில் இருக்கிற அத்தனை வாயும் மூடிக்கொள்ளுமா? பாதிப் படத்தைப் புருஷன் எடுத்தான், பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவு பெரிய மனசு என்பார்கள். பாதி என்பது அடுத்த மாதமே முழுசாகிவிடும். செய்த வேலைக்குப் பெயர் போட்டுக்கொண்டால் ஒரு பங்கோடு போகும். மறைத்தால் மொத்தமும் உங்களுடையதாகிவிடும். இதுகூடவா தோன்றவில்லை?

உங்கள் நல்ல மனசை நினைத்தால் சில நேரம் அழுகை வருகிறது, சில நேரம் எதையாவது எடுத்து வீசலாம் போலிருக்கிறது. வீச இங்கே தலையணை மட்டும்தான் இருக்கிறது.

நான்


மார்ச் 19

பூதக்கண்ணாடி,

பெயர் விஷயத்தில் நீ சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. உன் பெயர் மட்டும் தனியாக நிற்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். வராந்தாவில் சரி என்றதும் அதனால்தான். நான் முடியாது என்றிருந்தால் தயாரிப்பாளர் வேறொருவரை அழைத்திருப்பார். அவர் வந்த முதல் நாளே, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கலாம் என்றிருப்பார். புதிதாக வருகிற எவனும் அதைத்தான் சொல்வான். நானே சொல்லியிருப்பேன், அது உன் படமாக இல்லாதிருந்தால். உன்னை எழுப்பியிருக்கலாம். அப்போது உன் முகம் இருந்த இருப்பில் எழுப்பத் தைரியம் வரவில்லை. நான் பயந்துபோயிருந்தேன். உனக்கும் உள்ளே இருப்பதற்கும் என்ன ஆகுமோ என்று நின்றுகொண்டிருந்தவனிடம் வந்து படத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். இதைப் படித்துக் கோபப்படாதே. லைட்மேனை உட்காரவைத்து அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அவர் சொன்னது: "லைட்டு வெச்சது நிஜம் சார். ஆனா டேக்குக்கு முன்னாடி மேடம் தெருவுல இருந்து கையைக் காட்டி அணைக்கச் சொல்லிட்டாங்க. ஜெனரேட்டர் சத்தம் போடுது, அதுக்குத்தான்னு நான் நெனச்சேன்." உள்ளே கேமராவோடு இருந்தவர்களுக்கு வெளியே நடந்தது எதுவும் தெரியாது.

அந்த விளக்கு எரியவே இல்லை. எரியாத விளக்கைத்தான் நான் இத்தனை நாளாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் ஷாட்டிலிருந்து அம்மாவின் கண்ணை மட்டும் பெரிதாக்கி பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். விளக்காக இருந்தால் கண்மணியில் ஒரு புள்ளி தெரியும். இதில் புள்ளி இல்லை, ஒரு கோடு இருக்கிறது. படுக்கைவாட்டில் நீளமாக, நடுவில் ஒரு சின்னக் கறுப்பு வெட்டோடு. ஜன்னலுக்கு வெளியே அன்று என்ன இருந்தது?

சீனியர்


மார்ச் 22

சீனியர்,

அந்தக் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முழு நாளும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

தெருவில் இறங்கி நின்றது நினைவிருக்கிறது. கழுத்தில் வெயில் சுட்டது, தலை விண் விண் என்று தெறித்தது. ஏதோ ஒரு வண்டி ஜன்னலுக்கு நேரே நின்றது, ஷாட்டில் தெரியப்போகிறதே என்று தள்ளச் சொன்னேன். விளக்கை அணைக்கச் சொன்னது சுத்தமாக நினைவில் இல்லை. மயங்குவதற்கு முந்தைய கொஞ்ச நேரம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது.

அப்படியென்றால் நான் ஒன்றும் செய்யவில்லை. உங்களிடம் பெரிதாக விளக்கு, துணி, தெர்மாகோல் என்று பட்டியல் போட்டேனே, எல்லாம் வெற்றுப் பேச்சு. வெளிச்சம் எங்கிருந்தோ வந்தது, தலை சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தி கேமராவை ஓடவிட்டாள். அதைப் பார்த்துத்தான் நீங்கள் பொறாமைப்பட்டிருக்கிறீர்கள். பட்டுச்சட்டைக்காரர் சரியாகத்தான் கை குலுக்கியிருக்கிறார் போலிருக்கிறது.

அம்மா பக்கத்தை நீங்களே மறுபடி எடுத்துவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. கோபமாக இருந்தால் பிரஷர் ஏறியிருக்கும். அக்கா பார்த்துவிட்டு, இறங்கியிருக்கிறது என்கிறாள். அதற்குச் சந்தோஷப்படாமல் அவள் ஏன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

குழந்தை இன்று நன்றாக உதைத்தது. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான்


மார்ச் 27

அடி பூதக்கண்ணாடி,

உட்கார்ந்துகொண்டு படி. அக்கா, நீங்களும் உட்காருங்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே போய் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கண்ணில் ஒரு கோடு விழுந்திருக்கிறது என்றால், அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் அது தெரிந்தாக வேண்டும். தெரிந்தது வெறும் தெரு. எதிர்ச்சாரியில் நம் காஸ்ட்யூம் வண்டி நின்றது. கருநீலம். கருநீலத்தில் பட்டு என்ன வெளிச்சம் வரும்? எழுந்திருக்கப்போனவன் சும்மா காஸ்ட்யூம் அம்மாவைக் கேட்டேன்: "அன்னைக்கும் இதே வண்டிதானா?" அவர், "இல்ல சார், நடுவுல ஷூட்டிங் நின்னுச்சுல்ல, பழைய வண்டி வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. அது நல்லா கிரீம் கலர்ல இருக்கும்" என்றார்.

எனக்கு அங்கேயே வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. காலை வெயில் அந்த வண்டியின் நீளமான பக்கத்தில் பட்டு, ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேஜைமேல் ஏறியிருக்கிறது. நடுவிலிருந்த கறுப்பு வெட்டு அதன் கதவு இடுக்கு.

பழைய டிரைவரைத் தேடிப் பிடித்து, நேற்றுக் காலை வண்டியோடு வரவைத்தோம். மனிதர் இறங்கும்போதே முறைத்தார். "மறுபடியும் தள்ளித் தள்ளி நிறுத்தணுமா சார்? அன்னைக்கு அந்த மேடம் என்னைச் சாப்பிடவே விடல. தட்டைக் கீழ வெச்சுட்டு முன்னாடி எடுத்தேன், வேணாம் பின்னாடின்னாங்க. பின்னாடி எடுத்தேன், கொஞ்சம் சாய்ச்சுன்னாங்க. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்க்கிறதில்ல, வண்டியப் பார்க்கிறதில்ல. ஜன்னல் வழியா உள்ள அந்தம்மா மூஞ்சியையே பாக்குறாங்க. கடைசில, ம், அசைக்காதீங்கன்னுட்டு லைட்டுக்காரருக்குக் கையைக் காட்டினாங்க."

இன்னொன்று. வண்டி ஷாட்டில் தெரியும் என்று தள்ளச் சொன்னதாக எழுதியிருந்தாய் அல்லவா? உன் பிரேமை நீயே யோசித்துப் பார். அதில் ஜன்னலே இல்லையே. ஜன்னல் இல்லாத பிரேமில் தெருவில் நிற்கிற வண்டி எப்படித் தெரியும்? அதைத் தள்ள உனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்திருக்க முடியும். அம்மாவின் முகத்தில் அது என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் தள்ளியிருக்கிறாய். விளக்கு தேவையில்லை என்று தெரிந்ததும் அணைக்கச் சொல்லியிருக்கிறாய். மயங்கி விழப்போகிற நேரத்தில், மண்டைக்கு எட்டாததை உன் கண் செய்து முடித்திருக்கிறது. அது எங்கிருந்தோ வந்த வெளிச்சம் இல்லையடி. நீ வைத்தது.

மகள் பக்கத்தை எடுத்துவிட்டேன். வெயில் கொஞ்சம் நகர்ந்துவிட்டதால் நானும் டிரைவரை அலைக்கழித்தேன். அவர் இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தானாகவே அழுகை வந்தது. இயக்குநர் டீ குடிக்கப் போகவில்லை.

உன்
சீனியர்


மார்ச் 30

என் சீனியருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அக்கா பதறிப்போய் பட்டையை எடுத்தாள். "இது அது இல்லைக்கா, விடு" என்றேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். முதலில் படித்தது அவள்தானே.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அந்த டிரைவரின் தட்டு நினைவுக்கு வந்தது, படிக்கட்டில் வைத்திருந்தார். வண்டி முன்னால் நின்றபோது அந்த அம்மா முகம் செத்துப்போயிருந்தது. பின்னால் போனதும் கழுத்துக்கு அடியில் உயிர் வந்தது. "ம்" என்று சொன்னது என் காதுக்கே கேட்கிறது. வண்டியை வைத்து வெளிச்சம் போடலாம் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அதனால்தான் விளக்கு, துணி என்று நாம் படித்ததை எழுதி அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது.

நீங்கள் நினைத்திருந்தால் அம்மா பக்கத்தை உங்கள் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, ஒட்டவில்லை, என்ன செய்ய என்று சொல்லியிருக்கலாம். நானே எடுக்கச் சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். வராந்தா விஷயத்தை இத்தோடு விட்டேன். தேங்க்ஸ் விஷயம் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

பெயர் விஷயத்தில் இதுதான் முடிவு, பேரம் கிடையாது. ஒளிப்பதிவு என்று என் பெயர், தனி கார்டு. அடுத்த கார்டில் கூடுதல் ஒளிப்பதிவு என்று உங்கள் பெயர். இரண்டும் படிக்கிற அளவில் இருக்க வேண்டும். உங்களுடையதைப் பொடி எழுத்தில் போடச் சொன்னீர்கள் என்று தெரிந்தால் தலையணையோடு நிற்கமாட்டேன்.

டாக்டர், பிரசவத்துக்கு இனிமேல் காத்திருக்க வேண்டாம் என்கிறார். பயப்படாதீர்கள், நல்ல விதமாகத்தான் சொன்னார். வந்துவிடுங்கள். கேமராவை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

உங்கள்
பூதக்கண்ணாடி


ஏப்ரல் 8

அன்புள்ள உங்கள் இருவருக்கும்,

உங்களை விட்டுவிட்டு வர எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. நீதான், "மிச்சத்தை முடிச்சுட்டு முழுசா வாங்க" என்று துரத்தினாய். வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, பயல் என் சட்டையில் கக்கிய கறையோடுதான் தெருக் காட்சிகளுக்கு நிற்கிறேன். காஸ்ட்யூம் அம்மா துவைத்துத் தருகிறேன் என்றார், கொடுக்கவில்லை.

எடிட்டர் வெட்டிச் சேர்த்த காட்சியை இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் போட்டுக் காட்டினார். அம்மா, மகள், அம்மா, மகள் என்று போகிறது. எதை நீ எடுத்தாய், எதை நான் எடுத்தேன் என்று அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. என் மகளின் காதோரம் ஒரு நூல் அளவு வெளிச்சம் கூடுதல். நீ பார்த்தால் முதலில் அதைத்தான் பிடிப்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

விளக்கைப் போட்டதும் தயாரிப்பாளர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "பிரமாதம் சார்." தேங்க்ஸ் வாயில் "தே" வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளே அனுப்பிவிட்டு, "இந்தக் காட்சியோட வெளிச்சம் அவங்க வெச்சது சார். நான் வண்டியக் கூட்டிட்டு வந்தேன், அவ்வளவுதான். கையை அவங்ககிட்ட குடுங்க" என்றேன். அவர் கொஞ்சம் திகைத்து, "அப்ப நான் போய்க் குழந்தையையும் பார்த்துட்டு வந்துடுறேன்" என்றார். வந்தாரா?

சீனியர்


ஏப்ரல் 12

சீனியர்,

வந்தார். பெரிய பொம்மை ஒன்றோடு வந்தார். குழந்தையைவிட அது பெரியது, பயல் அதைப் பார்த்துவிட்டு அழுதான்.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நான் தொட்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அக்கா, "ஏன்டி அதை அங்கயும் இங்கயும் நகர்த்திக்கிட்டே இருக்கே, அவன் தூங்கவேண்டாமா?" என்றாள். சும்மாதான் என்றேன். பிறகுதான் கவனித்தேன். எதிர் மாடியில் காயப்போட்டிருந்த போர்வையிலிருந்து வெளிச்சம் வந்து அவன் கன்னத்தில் விழுந்திருந்தது. இனி எதற்கும் சும்மாதான் என்று சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அக்காவின் போனை வாங்கி ஒரு படம் எடுத்தேன்.

தயாரிப்பாளர் என் கையைப் பிடித்து, அந்த அம்மா ஷாட்டைப் பற்றி நன்றாகவே பேசினார். அடுத்து ஒரு கதை இருக்கிறது, உடம்பு தேறியதும் பேசலாம் என்றார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். அக்கா தன் போனில் குழந்தையின் படத்தை எடுத்துக் காட்டினாள். அவர் பார்த்தார், கண் விரிந்தது. "அடடா, என்ன ஒரு வெளிச்சம். சார் எடுத்ததா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான், "இல்லைங்க, நான்" என்றேன். அவர், "ஓ, அப்படியா" என்று இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன், வரவில்லை.

அவர் படியிறங்கியதும் அக்கா பட்டையை எடுத்து வந்து கையில் சுற்றினாள். அமுக்கினாள், பார்த்தாள், நம்பாமல் மறுபடி அமுக்கினாள். பிறகு பட்டையைச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டு, பீரோவைத் திறந்து என் போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி நில்லுங்கள். இன்று மாலை கூப்பிடுகிறேன்.

பூதக்கண்ணாடி